‘ஃபைன்’: ஒரு சொல்லைப் பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலாம் வகுப்பிலேயே நம் பிள்ளைகள் வாயில் ஏறிவிடும் ஆங்கிலச் சொல் ‘ஃபைன்’. ‘ஹவ் ஆர் யூ?’ என்று டீச்சர் கேட்பார். வகுப்பே எழுந்து நின்று ‘ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ டீச்சர்’ என்று ராகம் போட்டுச் சொல்லும். அந்தச் சொல்லை அதோடு படித்து முடித்துவிட்டதாகவே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போதும், நுவரெலியா ஹோட்டலில் வேலைக்குச் சேரும்போதும், பொலிஸ்காரர் துண்டு எழுதும்போதும் அதே சொல் வேறு வேறு முகத்தோடு வந்து நிற்கிறது. ஹட்டன் பக்கம் மாலை வகுப்பு எடுக்கும் என்னிடம் மாணவர்களும் பெற்றோரும் வேலைக்குப் போகும் இளைஞர்களும் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

சேர், ‘ஃபைன்’ என்பதற்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல் சொல்லுங்களேன்?

ஒரு சொல்லில் அடங்காது. பொடிமணலை ஃபைன் சேண்ட் என்பார்கள். மெல்லிய தலைமுடி ஃபைன் ஹெயார். நேர்த்தியாகச் செய்த தச்சு வேலையும் ஃபைன், கலப்பில்லாத பொன்னும் ஃபைன், மழையில்லாத நாளும் ஃபைன். பொருளைத் தீர்மானிப்பது பக்கத்தில் நிற்கும் சொல்தான். அதனால் ‘ஃபைன் = நலம்’ என்று கொப்பியில் ஒரு வரி எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். ‘ஃபைன் டே’, ‘ஃபைன் பவுடர்’, ‘ஃபைன் வோர்க்’ என்று சோடி சோடியாக எழுதி வையுங்கள்.

இத்தனை பொருளும் ஒரே வேரிலிருந்து வந்தவை. லத்தீனில் ‘ஃபீனிஸ்’ என்றால் முடிவு, எல்லை. அது பழைய பிரெஞ்சில் ‘ஃபின்’ ஆகி ஆங்கிலத்துக்குள் வந்தது. ஒரு வேலையைக் கடைசிவரை கொண்டுபோய்க் குறையில்லாமல் முடித்தால் அது ஃபைன். மாவைக் கடைசிவரை அரைத்தால் பொடியாகிறது, பொன்னைக் கடைசிவரை புடம் போட்டால் சுத்தமாகிறது, ஆளுக்குக் குறையேதும் இல்லையென்றால் அவர் நலமாக இருக்கிறார். ‘ஃபினிஷ்’, ‘ஃபைனல்’, ‘டிஃபைன்’, ‘ரிஃபைன்’ எல்லாம் இதே குடும்பம்தான்.

‘ஐ ஆம் வெரி ஃபைன்’ என்று சொல்லலாமா?

வேண்டாம். நலம் என்ற பொருளில் ஃபைன் வரும்போது அதற்கு முன்னால் ‘வெரி’ பொருந்தாது. இந்த ஃபைனுக்குக் குறைய நிறைய கிடையாது: ஒன்று நலம், இல்லையென்றால் நலமில்லை. அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் ‘அப்ஸொலூட்லி ஃபைன்’, ‘பெர்ஃபெக்ட்லி ஃபைன்’ என்று சொல்லலாம். உண்மையிலேயே உற்சாகமாக இருந்தால் ‘வெரி வெல்’ என்பது இன்னும் இயல்பு.

ஆனால் பொருள் மாறினால் விதியும் மாறும். ‘வெரி ஃபைன் பவுடர்’ என்றால் மிகப் பொடியான தூள். அங்கே ‘வெரி’ தாராளமாக வரும். பொடியில் அதிகம் குறைவு உண்டு அல்லவா? ‘ஃபைனர்’, ‘ஃபைனஸ்ட்’ என்ற வடிவங்களும் இதுபோன்ற இடங்களில்தான் வேலை செய்யும்.

அப்புறம் இதையும் சொல்லவேண்டும். வைத்தியரிடம் போய் உட்கார்ந்ததும் அவர் ஆங்கிலத்தில் ‘ஹவ் ஆர் யூ?’ என்றால், பழக்கதோஷத்தில் ‘ஃபைன்’ என்று சொல்லிவிட்டு மௌனமாக இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அந்தச் சொல் உங்களுக்கு உதவாது. ‘நொட் ஃபைன்’ என்று தொடங்கி, எங்கே வலி, எத்தனை நாளாக என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வரவில்லையென்றால் தமிழிலேயே சொல்லுங்கள், மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நான் ஹோட்டலில் வேலை செய்கிறேன். ‘இன்னும் தேத்தண்ணி வேணுமா?’ என்று கேட்டால் வெள்ளைக்காரர் ‘ஐ ஆம் ஃபைன்’ என்கிறார். ஊற்றவா, வேண்டாமா?

ஊற்றாதீர்கள். வேலைக்குப் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நாம் கேட்டது தேத்தண்ணியைப் பற்றி, அவர் தன் நலத்தைப் பற்றிப் பதில் சொல்கிறாரே என்று குழம்புவோம். அவர் சொல்வது ‘எனக்கு இதுவே போதும்’ என்று. நாம் விருந்தில் இலைமேல் கையை வைத்துப் ‘போதும் போதும்’ என்போமே, அதேதான். பெரும்பாலும் கோப்பையின் வாயை விரல்களால் இலேசாக மூடுவார், அல்லது உள்ளங்கையைச் சற்று உயர்த்திக் காட்டுவார். கையைப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. ‘பால் முடிந்துவிட்டது, பிளேன்டி தரலாமா?’ என்று நீங்கள் கேட்க, அவர் ‘தட்ஸ் ஃபைன்’ என்றால் ‘சரி, கொண்டுவாருங்கள்’ என்று அர்த்தம். ‘ஐ ஆம் ஃபைன்’ மறுப்பு, ‘தட்ஸ் ஃபைன்’ சம்மதம். முதலில் நிற்கும் சொல்லைக் காது பிடித்துக்கொண்டால் போதும்.

சில நேரம் முகம் இறுகிக்கொண்டு ‘ஃபைன்’ என்கிறார்களே?

அது கோபம். ‘சரி, உன் இஷ்டம்’ என்று நாம் வெட்டிச் சொல்வது போன்றது. சொல் குறுகலாக, கீழிறங்கும் தொனியில் வரும். எழுத்தில், அதுவும் கைபேசிச் செய்தியில் ‘ஃபைன்’ என்று ஒற்றைச் சொல்லும் முற்றுப்புள்ளியும் மட்டும் வந்தால் அனுப்பியவர் மனம் நொந்திருக்கலாம். மேலதிகாரிக்குப் பதில் அனுப்பும்போது ‘தட்ஸ் ஃபைன், தேங்க் யூ’ என்று இரண்டு சொல் கூட்டி எழுதுவது நல்லது.

‘ஃபைன் வெதர்’ என்றால் மழையில்லை என்கிறீர்கள். ‘ஃபைன் ரெய்ன்’ என்றும் புத்தகத்தில் இருக்கிறதே?

இரண்டும் சரிதான். வெதரோடு சேர்ந்தால் தெளிந்த, மழையற்ற வானிலை. ரெய்னோடு சேர்ந்தால் துளி சிறுத்த மழை, அதாவது தூறல். குடை பிடித்தாலும் நனைக்கும் அந்தப் பொடித் தூறலை மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நம் மலைகளின் இரண்டு பக்கத்தையும் வைத்து இதைப் படித்தால் மறக்காது. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதமளவில் தொடங்கியதும் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் விடாமல் நனையும். அதே காற்று மலைமுகடு தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரத்தை இழந்து வறண்டுபோகிறது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இங்கே ஃபைன் ரெய்ன், அங்கே பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஃபைன் வெதர். அந்த வறண்ட காற்றில் வளரும் கொழுந்தில்தான் ஊவாத் தேயிலையின் பெயர்போன வாசம் ஏறுகிறது. நம் மேற்குச் சரிவில் அந்தப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறது. வானம் ஃபைனாக இருக்கும் மாதங்களில்தான் தேயிலையும் ஃபைன். மொழிப் பாடத்தோடு புவியியலும் சேர்ந்து வரும் இடம் இது என்பதால் எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும்.

தோட்டத்தில் தொரை (தோட்ட நிர்வாகி) ‘ஃபைன் ப்ளக்கிங்’ என்கிறார். நல்லா கொழுந்து எடுக்கச் சொல்கிறாரா?

‘நல்லா’ என்பது பாதிப் பொருள்தான். இங்கே ஃபைன் என்பது இளசை மட்டும் தெரிந்து எடுப்பது: இரண்டு இலையும் ஒரு மொட்டும். மூன்றாம் இலை, நான்காம் இலை, முத்தின இலை, தடித்த காம்பு எல்லாம் சேர்ந்து வந்தால் அதற்குக் ‘கோர்ஸ் ப்ளக்கிங்’ என்று பெயர். ‘கோர்ஸ்’ என்றால் கரடுமுரடு. ஃபைனுக்கு எதிர்ச்சொல் அதுதான், பரீட்சையிலும் கேட்பார்கள்.

காரணம் இலைக்குள் இருக்கிறது. தேத்தண்ணிக்கு நிறமும் துவர்ப்பும் விறுவிறுப்பும் கொடுக்கும் பொலிபீனோலும் கஃபீனும் மொட்டிலும் இளம் இலையிலும்தான் அதிகம். இலை முத்த முத்த நார் கூடுகிறது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எவ்வளவு கவனமாக வாட்டி, உருட்டி, காயவைத்தாலும் நார் நார்தான். தூளில் அது வெளிறிய குச்சியாகத் தெரியும்.

கையைக் கவனித்துப் பாருங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் காம்பைப் பிடித்து ஒரு சொடுக்குச் சொடுக்கும். காம்பு ‘டிக்’ என்று ஒடிந்தால் இளசு, இழுபட்டால் முத்தல். கண் அடுத்த கிளைக்குப் போய்விட்டிருக்கும், விரல்தான் தீர்ப்புச் சொல்லும். ஆங்கிலத்தில் இதற்கும் ‘ஃபைன் டச்’ என்றே பெயர், நுண்ணிய தொடுகை. நம் அம்மாமாரின் விரலில் இருக்கும் அந்த நுட்பத்துக்கு ஃபைன் என்ற சொல் முழுக்கப் பொருந்தும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஃபைனாக எடுத்தால் எடை குறையும். பேர் போட, அதாவது ஒரு நாள் சம்பளத்தைக் கணக்கில் எழுத, கேட்பதோ கிலோ. தோட்டத்துக்குத் தோட்டம் அந்த அளவு வேறு, ஆனால் தராசு எங்கேயும் தராசுதான். ஈரத்துக்கென்றும் முத்தின இலைக்கென்றும் கிலோ வெட்டும்போது அந்தச் சொல்லின் பாரம் முழுவதும் எடுப்பவர் தோளில்தான் இறங்குகிறது. தரத்தையும் கேட்டு எடையையும் கேட்டால், எடுக்கும் கைக்கு அதற்கேற்ற கூலி இருக்கவேண்டும். சொல்லுக்குப் பொருள் சொல்லித்தரும்போது இதைச் சேர்த்தே சொல்லித்தருகிறேன்.

பி.ஓ.பி.எஃப் என்று தேயிலைப் பெட்டியில் இருக்கிறதே, கடைசி எஃப் ‘ஃபைன்’ தானே?

இல்லை. புரோக்கன் ஒரேன்ஜ் பெக்கோ ஃபேனிங்ஸ். ஃபேனிங்ஸ் என்பது சலிப்பில் பிரியும் சிறு துணுக்குகள். எஃப்.பி.ஓ.பி என்று எஃப் முன்னால் வந்தால் அது ஃப்ளவரி. டார்ஜிலிங், அசாம் தேயிலைகளில் வரும் எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி என்ற நீண்ட பெயரில்தான் முதல் எஃப் ‘ஃபைனஸ்ட்’.

பெக்கோ என்பது சீனச் சொல், வெண்மையான மென்ரோமம் என்று பொருள். இளம் மொட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளி போல மினுங்கும் ரோமம் தெரியும். அதை ஆங்கிலத்தில் விவரிப்பவர்கள் ‘ஃபைன் ஹெயார்ஸ்’ என்றுதான் எழுதுவார்கள். ஆக, எழுத்தில் இல்லாவிட்டாலும் ஃபைன் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

பொலிஸ் போடும் ஃபைனும் இதே சொல்லா? நல்லதுக்கும் தண்டத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது?

எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, வேரும் ஒன்று. பழைய காலத்தில் ஒரு வழக்கையோ தகராறையோ முடித்துக்கொள்ளக் கட்டிய பணத்துக்கு ஃபைன் என்று பெயர். முடிவு என்ற அந்த லத்தீன் பொருள் இங்கே அப்படியே இருக்கிறது: பணத்தைக் கட்டு, விஷயம் முடிந்தது. காலப்போக்கில் அது தண்டப்பணம் என்று நிலைத்துவிட்டது. கடனைத் தீர்த்து முடிப்பதிலிருந்து ‘ஃபைனான்ஸ்’ என்ற சொல்லும் இந்த வழியில்தான் பிறந்தது.

வாக்கியத்தில் பிரித்தறிவது கஷ்டமில்லை. தண்டப்பணம் என்ற ஃபைன் பெயர்ச்சொல், ஆகவே ‘எ ஃபைன்’, ‘தி ஃபைன்’, ‘ஃபைன்ஸ்’ என்று வரும். ‘ஹி வோஸ் ஃபைன்ட்’ என்றால் அவருக்குத் தண்டம் விதித்தார்கள். ‘ஹி வோஸ் ஃபைன்’ என்றால் அவர் நலமாக இருந்தார். கடைசியில் ஒரு ‘ட்’ கூடியதும் தபால் கந்தோருக்குப் போய்ப் பணம் கட்டவேண்டி வருகிறது. முச்சக்கரவண்டி ஓட்டும் அண்ணன்மார் இதைச் சரியாக உச்சரிக்கப் பழகுவது நல்லது.

சமையல் குறிப்பில் ‘ஃபைன்லி சொப்ட்’ என்று வருகிறது. ‘நன்றாக வெட்டிய’ என்று எழுதலாமா?

‘பொடியாக அரிந்த’ என்று எழுதவேண்டும். ரொட்டிக்குச் சம்பல் அரைக்கும்போது வெங்காயத்தை எவ்வளவு பொடியாக அரிவீர்கள், அதுதான் ஃபைன்லி. ஆனால் ‘அவள் நன்றாகப் பாடினாள்’ என்பதற்கு ‘ஃபைன்லி’ போடாதீர்கள், ‘வெல்’ போதும். ‘இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது’ என்றால் ‘லி’ இல்லாமலே ‘வோர்க்ஸ் ஃபைன்’.

நகையில் 916 என்று போட்டிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டாமே?

உண்டு. பொன்னின் சுத்தத்தை ஆங்கிலத்தில் ‘ஃபைன்னெஸ்’ என்பார்கள். 1000 பங்கில் எத்தனை பங்கு பொன் என்ற கணக்கு. 22 கரட்டை 24ஆல் வகுத்தால் 0.916 சொச்சம், ஆகவே 916. 18 கரட் என்றால் 750. 24 கரட்டை 999 என்று குறிப்பார்கள். கலியாணத்துக்கு நகை வாங்கப் போகும்போது இந்த மூன்று இலக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கிரிக்கெட்டில் ‘ஃபைன் லெக்’ என்கிறார்களே, அங்கே என்ன நேர்த்தி?

அங்கே நேர்த்தி இல்லை, கோணம்தான். இரண்டு விக்கெட்டையும் இணைத்து ஒரு கோடு போட்டு, அதைத் துடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் நீட்டுங்கள். அந்தக் கோட்டுக்கு எவ்வளவு நெருக்கமாகப் பந்து போகிறதோ அவ்வளவு ஃபைன். கோட்டுக்குச் செங்குத்தாகப் போனால் ஸ்குவெயார். பல்லேகலையில் ஆட்டம் நடக்கும்போது ‘ஹி ப்ளேட் இட் வெரி ஃபைன்’ என்று வர்ணனையாளர் சொன்னால், ‘மிக அழகாக ஆடினார்’ என்று மொழிபெயர்க்கவேண்டாம். விக்கெட் காப்பாளரை உரசிக்கொண்டு பின்னால் போனது என்று அர்த்தம். கண்டியில் பிறந்த முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த கதையை நம் பையன்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை, ஆனால் அதை ஆங்கில வர்ணனையோடு கேட்கச் சொல்லுங்கள். காது நன்றாகப் பழகும்.

பிரீஸ்கூல் அறிக்கையில் ‘ஃபைன் மோட்டர் ஸ்கில்ஸ்’ பலவீனம் என்று எழுதியிருக்கிறார்கள். பயப்படவேண்டுமா?

மோட்டர் என்பது இங்கே தசையின் அசைவு. பென்சில் பிடிப்பது, பொத்தான் போடுவது, மணி கோர்ப்பது போன்ற விரல் வேலைகள் ஃபைன். ஓடுவதும் குதிப்பதும் ‘க்ரோஸ்’. களிமண் பிசையவும், பயறு பொறுக்கவும், கிழித்து ஒட்டவும் விடுங்கள், டீச்சரிடமும் பேசுங்கள். அந்த வரிக்குப் பிள்ளை புத்தியில் குறைந்தது என்று அர்த்தமே இல்லை.

ஃபைன் ப்ரிண்ட், ஃபைன்-டூத் கோம், ஃபைன் லைன்?

ஃபைன் ப்ரிண்ட் என்பது ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும் நிபந்தனைகள். தவணை முறையில் சாமான் எடுப்பவர்களும், வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்து வைக்கும் சகோதரிகளும் அதைப் படித்துக் காட்டச் சொல்லியே ஆகவேண்டும். வட்டியும், பிடித்தமும், ஒப்பந்தத்தை முறித்தால் கட்டவேண்டிய தொகையும் அங்கேதான் இருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் படித்துச் சொல்கிறேன், கொண்டுவாருங்கள்.

ஃபைன்-டூத் கோம் நம் வீட்டுப் பேன்சீப்புத்தான். ஒரு கணக்கை அதைக் கொண்டு பார்த்தார்கள் என்றால் ஈர் விடாமல் அலசினார்கள் என்று பொருள். ஃபைன் லைன் இரண்டு விஷயங்களுக்கு நடுவே உள்ள மிக மெல்லிய வேறுபாடு.

‘ஃபைன் டஸ்ட்’ என்று சுகாதாரப் பாடத்தில் வருவது?

கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைந்ததும் இந்த வகை, தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ 30இல் ஒரு பங்கு. விறகுப் புகையில் இது நிறைய இருக்கிறது. நுரையீரலின் ஆழம்வரை போய்த் தங்கும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) குசினிகளில் புகை வெளியேற ஒழுங்கான வழி இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்த இடத்தில் ஃபைன் என்பது நல்ல செய்தி இல்லை.

ஒரு பெண்ணைப் பார்த்து ‘ஷி இஸ் ஃபைன்’ என்று சொல்லலாமா?

அமெரிக்கப் பேச்சுவழக்கில் அது அவளுடைய உடல் அழகைப் பற்றிய பேச்சு. தெரியாதவர்களைப் பற்றிச் சொல்லாதீர்கள், வேலையிடத்தில் சொல்லவே கூடாது. ‘எ ஃபைன் டீச்சர்’, ‘எ ஃபைன் சிங்கர்’ என்று அவர் செய்யும் வேலையோடு சேர்த்தால் மரியாதையான பாராட்டு.

‘யூ ஆர் எ ஃபைன் ஒன் டு டோக்’ என்றால் புகழ்ச்சியா?

குத்தல். ‘நீ பேச வந்துவிட்டாயா?’ என்று கேட்பது. ‘எ ஃபைன் மெஸ்’ என்றாலும் அப்படியே, பெரிய சிக்கல் என்று பொருள். இவற்றைப் புரிந்துகொண்டால் போதும், பயன்படுத்த அவசரம் வேண்டாம்.

எங்கள் சேர்ச் பாடற்குழுத் தாளில் கடைசியில் இதே எழுத்துக்கள் இருக்கின்றன. ‘ஃபைன்’ என்று படித்தேன், மாஸ்டர் திருத்தினார்.

அவர் சொன்னது சரி. அது இத்தாலியச் சொல், ‘ஃபீனே’ என்று படிக்கவேண்டும். பாட்டு அங்கே முடிகிறது என்ற குறி.

நான் ‘ஃபைன்’ என்று சொன்னால் ‘பைன்’ என்று கேட்கிறதாம். எப்படித் திருத்துவது?

தமிழில் அந்த ஒலி இல்லாததால் உதடு இரண்டையும் மூடி ‘ப’ போட்டுவிடுகிறோம். ‘பைன்’ என்று ஆங்கிலத்தில் தனிச்சொல் இருக்கிறது: நம் மலைகளில் நிற்கும் பைனஸ் மரம். மேல்பல்லைக் கீழுதட்டின் உட்பக்கம் இலேசாக வைத்து, உதடுகளைச் சேர்க்காமல் காற்றை ஊதுங்கள். உள்ளங்கையை வாயருகே பிடித்தால், ‘ப’ சொல்லும்போது காற்று ஒரே தட்டாகத் தட்டும். ‘ஃப’ சொல்லும்போது நீளமாக வரும். ஒரு கண்ணாடி முன்னால் நின்று ‘பைன், ஃபைன், பைன், ஃபைன்’ என்று மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். சரியாகச் சொன்னால் இரண்டாவது சொல்லில் மேல்பல்லின் நுனி கண்ணாடியில் தெரியும்.

சாதாரண தரத் தாளில் இந்தச் சொல் வந்தால் என்ன செய்வது?

முதலில் அது பெயர்ச்சொல்லா, வினையா, பெயரடையா என்று பாருங்கள். பெயரடை என்றால் அடுத்து வரும் சொல்லின் கீழே கோடு போடுங்கள். மணல், தூள், நூல் போன்ற பொருளாக இருந்தால் ‘பொடியான’, ‘மெல்லிய’ என்றும், நாள், காலைநேரம் என்றால் ‘தெளிந்த’ என்றும், ஆள், வேலை, கட்டடம் என்றால் ‘சிறந்த’, ‘நேர்த்தியான’ என்றும் தொடங்கிப் பாருங்கள். வாக்கியத்தில் ரூபாய்க் கணக்கு இருந்தால் பெரும்பாலும் தண்டப்பணம். ‘ஃபைன் ஆர்ட்ஸ்’ வந்தால் ‘நுண்கலை’ என்று எழுதுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முன்பு இருந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் பெயரிலேயே அந்த மொழிபெயர்ப்பு இருந்தது. கட்டுரையில் நீங்களாகப் பயன்படுத்துவதாக இருந்தால் ‘ஐ ஆம் ஃபைன்’ என்பதை விட்டுவிட்டு, மேலே உள்ளவற்றில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எழுதுங்கள். அம்மா கொழுந்து எடுப்பதைப் பற்றி ‘ஃபைன் ப்ளக்கிங்’ என்று இரண்டு வரி எழுதிய பிள்ளையின் தாளைத் திருத்துபவர் கட்டாயம் நின்று படிப்பார்.